ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டு

தமிழ் நாளிதழ் படிக்கிற யாருக்கும் அந்தச் செய்தி மனப்பாடம். பட்டா மாறுதலுக்கோ, வாரிசுச் சான்றிதழுக்கோ, மின் இணைப்புக்கோ ஒருவர் லஞ்சம் கேட்பார். கொடுக்க மனமில்லாதவர் லஞ்ச ஒழிப்புப் போலீசாரிடம் போவார். அவர்கள் சொன்னபடி ‘ரசாயனம் தடவிய’ நோட்டுகளை எடுத்துப்போய்க் கொடுப்பார். மறைந்திருந்த போலீசார் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். ஊரும் துறையும் தொகையும் மாறும். அந்த ‘ரசாயனம்’ மட்டும் மாறவே மாறாது.

அது என்ன ரசாயனம்? யார் தடவுகிறார்கள்? தடவினால் என்ன ஆகும்? செய்தி அதையெல்லாம் சொல்லாமல் அடுத்த பத்திக்குத் தாவிவிடும். எனக்கோ கண் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடும். அதன் பின்னால் இருப்பது நம் எல்லோருக்கும் பழக்கமான பொருள்! பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் கூம்புக் குடுவைக்குள் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டைத் திருகித் திருகி, வெளிர் ரோஸ் நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அதே பினாப்தலீன். தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்குச் சாட்சி சொல்லப் போவது அதுதான். வாருங்கள், நோட்டில் ஏறுவதிலிருந்து ஆய்வகத் தகடுவரை அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

முதலில் லஞ்ச ஒழிப்பு அலுவலகம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம் என்பது முழுப் பெயர். 1964-இல் தொடங்கிய துறை. புகார் பதிவானதும் வேறு அரசுத் துறைகளிலிருந்து இரண்டு பேரைச் சாட்சிகளாக வரவழைப்பார்கள். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படும். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் கொஞ்சம் சோடியம் கார்பனேட். சலவைச் சோடா என்றால் சட்டென்று புரியும். கரைசல் தண்ணீர் போலவே நிறமில்லாமல் இருக்கும். சாட்சிகளில் ஒருவர் அதில் விரலை நனைப்பார். ஒன்றும் ஆகாது. இந்த ‘ஒன்றும் ஆகாது’ மிகமிக முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நோட்டுகளின் மேல் வெள்ளைப் பொடியை லேசாகத் தடவுவார்கள். தடவியது கண்ணுக்கே தெரியாது. அந்தச் சாட்சி நோட்டுகளை வாங்கி எண்ணிவிட்டு, மறுபடியும் விரல்களைக் கரைசலில் விடுவார். பளிச்சென்று ரோஸ்! அறையில் இருக்கும் எல்லோருக்கும் இப்போது விஷயம் புரிந்துவிடும். இந்த ஒத்திகை முழுவதையும் மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். கரைசலைக் கொட்டிவிடுவார்கள். புகார்தாரரின் சட்டைப்பை காலியாக இருக்கிறதா என்று சோதித்து நோட்டுகளை உள்ளே வைப்பார்கள். கேட்டால் மட்டுமே கொடுக்க வேண்டும், அதற்குமுன் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். பொடி தடவியவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அங்கேயே இருந்துவிடுவதும், பொடி டப்பா அலுவலகத்தை விட்டு நகராததும் வழக்கம். பின்னால் நீதிமன்றத்தில் ‘போலீஸ்காரர் கையிலிருந்தே பொடி வந்திருக்கலாமே’ என்று ஒரு வழக்கறிஞர் கேட்பாரே, அந்தக் கேள்விக்கு இப்போதே பதில் தயாராகிறது!

பணம் கைமாறியதும் சைகை வரும். குழு உள்ளே நுழையும். புதிதாகக் கரைசல் தயாரிப்பார்கள், இந்த முறை இரண்டு டம்ளரில். வலது கை விரல்கள் ஒன்றில், இடது கை விரல்கள் மற்றதில். பணம் சட்டைப்பைக்குள் போயிருந்தால் பையின் உள்பக்கத் துணிக்கும் தனியாகக் கழுவல் உண்டு.

அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விரல் நீரைத் தொட்டதும் நிறம் டம்ளர் முழுக்க ஒரேயடியாகப் பரவுவதில்லை. நகக்கண்ணிலும் ரேகைப் பள்ளங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள்தான் முதலில் கரையத் தொடங்கும். அங்கங்கிருந்து ரோஸ் இழை இழையாகக் கீழே இறங்கும். விரலை அசைத்தால் இழைகள் கலைந்து டம்ளர் முழுவதும் ஒரே நிறமாகும். எந்த விரல் நோட்டைப் பிடித்தது என்பதுகூட அந்த முதல் நொடியில் தெரிந்துவிடும்போல இருக்கும்.

இது எப்படி நடக்கிறது? பினாப்தலீன் மூலக்கூறுக்குள் ஒரு வளையம் பூட்டியபடி இருக்கிறது. பூட்டியிருக்கும்வரை அது நாம் காணும் ஒளி எதையும் விழுங்காது; அதனால் வெள்ளைப் பொடி, நிறமில்லாத கரைசல். காரம் பட்டதும் வளையம் திறந்துகொள்ளும். எலெக்ட்ரான்கள் மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தாராளமாக நடமாடத் தொடங்கும். அப்போது பச்சைப் பகுதி ஒளியை விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்கு ரோஸாக வந்து சேரும். பி.எச். எட்டைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கூத்து. அதனால்தான் சலவைச் சோடா. சமையல் சோடாவாக இருந்தால் நிறம் வெளிறிப்போய்ச் சந்தேகத்துக்கு இடம் கொடுத்துவிடும். இன்னொரு அழகு: பினாப்தலீன் வெறும் தண்ணீரில் ஏறத்தாழக் கரையாது. பணத்தை வாங்கியவர் அவசர அவசரமாகக் குழாயடியில் கையை நனைத்தாலும் பொடி அவ்வளவு சுலபத்தில் விடாது.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நடப்பதும் இதே வகை வேதியியல்தான். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டுச் சிவக்கிறது. இதைச் சொன்னதும் புத்திசாலி வாசகர் ஒருவர் கேட்பார்: ‘அப்படியென்றால் மஞ்சள் பட்ட கையைச் சோடா நீரில் விட்டாலும் நிறம் மாறுமே, அப்பாவி மாட்டிக்கொள்ள மாட்டாரா?’ அருமையான கேள்வி! நிறம் மாறியதோடு வேலை முடிந்துவிடாமல் ஆய்வகம் என்று ஒன்று இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான்.

கழுவல் நீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடி, சீல் வைத்து, சாட்சிகளின் கையெழுத்துள்ள சீட்டை ஒட்டுவார்கள். நீதிமன்றம் வழியாக அது தடய அறிவியல் துறைக்கு வரும். சென்னை மயிலாப்பூரில் காமராசர் சாலையில் தலைமை ஆய்வகம். கோவை, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வகங்கள். பாட்டில் மேசைக்கு வந்ததும் வேதியியலாளர் முதலில் பார்ப்பது நிறத்தை அல்ல, சீலை! முத்திரை உடையாமல் இருக்கிறதா, கூட வந்த மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, சீட்டிலிருப்பதும் கடிதத்திலிருப்பதும் ஒன்றா என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மூடி திறக்கும்.

பிறகு ஆரம்பிக்கும் பாருங்கள் விளையாட்டு. ஒரு சொட்டு அமிலம் விட்டால் ரோஸ் காணாமல் போகும். காரம் விட்டால் திரும்பி வரும். மஞ்சளாக இருந்தால் அமிலத்தில் நிறம் மறையாது, மஞ்சளுக்கே திரும்பிவிடும். அந்த இடத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துபோகும். அடுத்து நிறமாலைமானி. காரக் கரைசலில் பினாப்தலீன் சுமார் 550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை மிக அதிகமாக விழுங்கும். குர்குமினின் உச்சம் அதைவிடக் குறைந்த அலைநீளத்தில், தனியாக நிற்கும். அதற்குப் பிறகும் திருப்தியில்லை என்றால் டி.எல்.சி. எனப்படும் மெல்லடுக்கு நிறப்பிரிகைத் தகடு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஒரு சங்கடம் உண்டு. அந்த ரோஸ் நிறம் நிலையானதல்ல. காரத்திலேயே நாள் கணக்கில் கிடந்தால் ஹைட்ராக்சைடு மெல்ல மெல்ல மூலக்கூறின் நடுக் கார்பனில் வந்து ஒட்டிக்கொள்ளும், நிறம் வெளுக்கும். சம்பவ இடத்தில் பளபளத்த பாட்டில் ஆய்வகத்துக்கு வரும்போது தண்ணீர் மாதிரி இருக்கலாம். பார்க்கிறவருக்குப் பகீரென்றிருக்கும். வேதியியலாளர் பதறமாட்டார். பொருள் எங்கும் போய்விடவில்லை, வேஷம்தான் மாறியிருக்கிறது. அமிலம் சேர்த்துப் பின்னுக்கு இழுத்து, மறுபடி காரம் சேர்த்தால் ரோஸ் எழுந்து வந்து நிற்கும்! பள்ளி வேதியியலில் இதைவிடச் சிலிர்ப்பான இடம் எனக்குத் தெரியாது.

நிறம் நீதிமன்றத்துக்குள் நுழைவதற்குள் கெட்டுப்போவது பழைய தலைவலி. தடய வேதியியலின் மிகப் புகழ்பெற்ற சோதனையே அந்தத் தலைவலியில் பிறந்ததுதான். 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தாத்தாவின் காப்பியில் ஆர்செனிக் கலந்து கொன்றதாகப் பேரன்மேல் வழக்கு. உல்விச் ராணுவத் தளவாடக் கூடத்தில் வேதியியலாளராக இருந்த ஜேம்ஸ் மார்ஷ் பரிசோதித்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்தியதும் மஞ்சள் வீழ்படிவு வந்தது. ஆர்செனிக் இருப்பது அவருக்கு உறுதி. ஆனால் ஜூரிகள் முன்னால் காட்டும் நேரத்துக்குள் அந்த வீழ்படிவு கெட்டுப்போயிருந்தது. பேரன் விடுதலையானார். மார்ஷுக்கு வந்ததே கோபம்! ஜூரி உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கும்படி, கெடாத ஒரு சாட்சியைக் காட்டியே தீருவது என்று இறங்கி, 1836-இல் காட்டிவிட்டார்.

சந்தேகப் பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால் ஹைட்ரஜன் கிளம்பும். ஆர்செனிக் இருந்தால் அது ஆர்சின் வாயுவாக மாறி ஹைட்ரஜனோடு கூடவே வரும். அந்த வாயுவைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கருப்பாகப் பளபளக்கும் படலம் படியும். ஆர்செனிக் தனிமமே கண்முன் ஒட்டியிருக்கும். எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆன்டிமனியும் இப்படிப் படியும் என்பதால் அடுத்த கேள்வி வந்தது. ஆர்செனிக் படலம் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கரையும், ஆன்டிமனி கரையாது என்று அதற்கும் பதில் வந்தது. அதன் பிறகு வந்தது இன்னும் கூரான கேள்வி. துத்தநாகத்திலேயே கொஞ்சம் ஆர்செனிக் இருந்தால்? அந்தக் காலத்துத் துத்தநாகத்தில் அது இருக்கத்தான் செய்தது! அதனால் சந்தேகப் பொருளைச் சேர்க்காமல், துத்தநாகத்தையும் அமிலத்தையும் மட்டும் வைத்து முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதியானது. படலம் வரக்கூடாது. ‘ஒன்றும் ஆகாது’ என்று காட்ட வேண்டும். லஞ்ச ஒழிப்பு அலுவலகத்தில் சாட்சி வெறுங்கையை நனைத்ததும் இதற்காகத்தான். ஆய்வகத்தில் இதற்கு ‘பிளாங்க்’ என்று பெயர். பளிச்சென்று வரும் நிறத்தைக் கண்டு எல்லோரும் கைதட்டுகிறோம். நான் அதைவிடப் பெரிய கைதட்டலை, நிறமே வராத அந்த டம்ளருக்குத் தருவேன்.

மார்ஷ் சோதனை வந்து 13 ஆண்டுகள் கழித்து, 1849-இல், இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. எங்கே தெரியுமா? நம் சென்னையில்! கல்கத்தாவுக்கு 1853-இல்தான் வந்தது. பிறகு ஆக்ரா, பம்பாய். அக்காலத்தில் இங்கே வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்செனிக் விஷம் கடைச்சரக்கு. அபினும் அப்படித்தான். நெடுஞ்சாலைகளில் வழிப்போக்கரோடு நட்பாகப் பேசி, சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையடிக்கும் கூட்டங்கள் இருந்தன. தாவர விஷங்களைப் பிணத்தின் உறுப்புகளிலிருந்து பிரித்தெடுக்க அன்றைக்கு உலகில் எவருக்கும் நம்பகமான வழி தெரியாது. சென்னை ஆய்வகம் திறந்த மறு ஆண்டுதான் பெல்ஜியத்தில், மைத்துனரை நிகோட்டின் கொடுத்துக் கொன்ற ஒரு பிரபுவின் வழக்கில், ஜான் செர்வே ஸ்டாஸ் என்ற வேதியியலாளர் மாதக்கணக்கில் போராடி அந்த வழியைக் கண்டுபிடித்தார். உறுப்புகளை ஆல்கஹாலிலும் அமிலத்திலும் ஊறவைத்து, பிறகு காரமாக்கி, ஈதரால் விஷத்தை இழுத்தெடுப்பது. ஊமத்தைக்கான விட்டாலி சோதனை 1880 வாக்கில் வந்தது. சாற்றைப் புகையும் நைட்ரிக் அமிலத்தோடு வற்றவைத்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷை ஒரு சொட்டு விட்டால் அழகான ஊதா! சில நொடிகளில் மங்கிவிடும் ஊதா. கண்ணிமைக்காமல் பார்க்க வேண்டும்.

‘ரசாயனப் பரிசோதகர்’ என்ற அந்தப் பழைய பதவிப்பெயர் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அவரது அறிக்கையைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவு உண்டு.

இப்போது டி.எல்.சி. தகடு. இதைப் பார்க்காமல் ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதாக இல்லை. சந்தேக மரணம் ஒன்றில் பிரேதப் பரிசோதனை முடிந்து இரைப்பையும் அதிலுள்ளதும், குடலில் ஒரு துண்டு, கல்லீரலில் ஒரு பகுதி, சிறுநீரகங்கள் எல்லாம் பாட்டில்களில் வரும். பெரும்பாலும் பூரித உப்புக் கரைசலில் போட்டு வரும். கூடவே ஒரு பாட்டிலில் வெறும் உப்புக் கரைசல் மட்டும். பார்த்தீர்களா, மறுபடியும் பிளாங்க்! விஷம் அந்த உப்பிலிருந்து வந்துவிடவில்லை என்று காட்ட.

நம் ஊரில் இவற்றில் அதிகம் தேட வேண்டியிருப்பது பூச்சிமருந்து. உறுப்பை அரைத்து, கரைப்பானில் இழுத்து, வற்றவைத்து, கிடைத்ததை நுண்குழாயால் தொட்டு ஒரு கண்ணாடித் தகட்டின் அடியோரத்தில் புள்ளியாக வைப்பார்கள். தகட்டின்மேல் சிலிக்கா ஜெல் மெல்லிய வெள்ளைப் படலமாகப் பூசியிருக்கும். பக்கத்திலேயே, இன்னதென்று தெரிந்த பூச்சிமருந்துகளின் புள்ளிகள். தகட்டை நிமிர்த்தி, அடியில் கொஞ்சம் கரைப்பான் உள்ள கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து மூடுவார்கள். கரைப்பான் ஈரமாக மேலே ஏறத் தொடங்கும். புள்ளிகளும் கூடவே ஏறும், ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் வேகத்தில். சிலிக்காவை இறுகப் பிடித்துக்கொள்ளும் பொருள் பின்தங்கும். கரைப்பானோடு ஒட்டிக்கொள்வது முன்னே ஓடும். வெளியே எடுத்துக் காயவைத்தால் வெற்றுத் தகடுதான் தெரியும். அதன்மேல் தெளிப்பானால் ‘புஸ்’ஸென்று ஒரு வினைபொருள். கந்தகமுள்ள பாஸ்பரஸ் பூச்சிமருந்துகளுக்குப் பலேடியம் குளோரைடு அடித்தால் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் எழும். தாவர ஆல்கலாய்டுகளுக்கு டிராகன்டார்ஃப் கரைசல்; ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். பாட்டில் நீரில் பினாப்தலீனைத் தேடும்போது காரத்தைத் தெளித்தால் ரோஸ். சந்தேகப் புள்ளியும் தெரிந்த புள்ளியும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் நின்றால் அடையாளம் ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்டது. பிறகு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி, மூலக்கூறைத் துண்டு துண்டாக உடைத்து எடைபோட்டு அதை உறுதிசெய்யும். கருவி பெரியதுதான், விலையும் பெரியதுதான். ஆனாலும் தெளிப்பானை அழுத்தியதும் வெறுமையிலிருந்து நிறம் பூக்கிற தகட்டுக்கு ஈடாகுமா?

விஷம் சாராயத்தோடும் வரும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் கள்ளச்சாராயத்துக்கு 20-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள். இரண்டிலும் கொன்றது மெத்தனால். சாராயத்திலுள்ள எத்தனாலுக்கும் அதற்கும் ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். மணத்திலும் தோற்றத்திலும் குடிக்கிறவருக்கு வேறுபாடு தெரியாது. உடம்பு அதை முதலில் பார்மால்டிஹைடாகவும், பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பை அழிக்கிறது, உயிரையும் எடுக்கிறது. மெத்தனாலை உடைக்கும் அதே நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும் என்பதால் மருத்துவமனையில் எத்தனாலையே மாற்றுமருந்தாகக் கொடுப்பது உண்டு. அல்லது ஃபோமெபிசோல் என்ற மருந்து. இவை சீக்கிரம் உள்ளே போக வேண்டும். அதற்கு இது மெத்தனால்தான் என்று சீக்கிரம் தெரிய வேண்டும். இந்த இடத்தில் ஆய்வகத்தின் வேகம் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு உயிர்.

ஆய்வகத்தில் இதற்கு அருமையான முறை இருக்கிறது. இரத்தத்தையோ சாராயத்தையோ சிறு குப்பியில் அடைத்து மிதமாகச் சூடாக்குவார்கள். திரவத்தைத் தொடவே மாட்டார்கள். அதற்கு மேலே சேர்ந்திருக்கும் ஆவியை மட்டும் ஊசியால் இழுத்துக் கருவிக்குள் செலுத்துவார்கள். நீளமான நுண்குழாய்க்குள் ஆவிகள் ஓடும். மெத்தனால் முதலில் வெளியே வரும், எத்தனால் பின்னால். திரையில் இரண்டு சிகரங்கள் தனித்தனியாக எழும். சில நிமிட வேலை. கருவி இல்லாத இடத்திலும் வழியுண்டு: பெர்மாங்கனேட்டால் மெத்தனாலைப் பார்மால்டிஹைடாக்கி, குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால் ஊதா வரும். பறிமுதல் செய்த சாராயம், நோயாளியின் இரத்தம், இறந்தவரின் உறுப்பு மூன்றிலும் அதே பொருளைக் காட்டும்போதுதான் விற்றவனுக்கும் சாவுக்கும் இடையே சங்கிலி முழுமையாகிறது.

சரி, பினாப்தலீனுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? லஞ்சத்தைப் பிடிக்கும் அதே மூலக்கூறு இரத்தத்தையும் பிடிக்கும்! அதைக் காரத்தில் துத்தநாகத் தூளோடு கொதிக்கவைத்தால் ரோஸ் நிறம் மறைந்து, ஒடுக்கப்பட்ட பினாப்தலீன் கிடைக்கும். காரத்திலேயே இருந்தும் நிறமில்லாமல் காத்திருக்கும். கறையை வடிகட்டித் தாளால் லேசாகத் தேய்த்து எடுப்பார்கள். அதன்மேல் ஒரு சொட்டு ஆல்கஹால், ஒரு சொட்டு இந்தக் கரைசல். கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறம் வரக்கூடாது, இப்போதே வந்தால் வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி இருக்கிறது, சோதனை செல்லாது. வராவிட்டால் கடைசியாக ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு. இரத்தத்தின் ஹீமிலுள்ள இரும்பு பெராக்சைடைத் தூண்டிவிட, ஒடுக்கப்பட்ட பினாப்தலீன் பழைய பினாப்தலீனாகி, நொடிகளில் ரோஸ்! காசில்–மேயர் சோதனை என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஓய்வு பெறவில்லை. துவைத்த துணியிலும் பழைய கறையிலும்கூடப் பேசும்.

ஆனால் உருளைக்கிழங்குச் சாறும் அதே ரோஸைக் கொடுக்கும். அதிலுள்ள பெராக்சிடேஸ் நொதி ஹீமின் வேலையைச் செய்துவிடும். கத்தியில் இருப்பது கொலையா குருமாவா என்று இந்தச் சோதனை மட்டும் சொல்லாது. அதனால் அடுத்த படி: உப்பும் பனிநிலை அசெட்டிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கிப் பழுப்புநிறச் சாய்சதுரப் படிகங்களைத் தேடும் டைக்மன் சோதனை, 1853-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு. அல்லது இளஞ்சிவப்பு இறகுகள் மாதிரி படிகம் தரும் தகயாமா சோதனை. இவை தெரிந்தால் இரத்தமேதான். மனித இரத்தமா, யாருடையது என்பதற்கு நோயெதிர்ப்புச் சோதனையும் டி.என்.ஏ.வும்.

அதே பினாப்தலீன் 20-ஆம் நூற்றாண்டு முழுக்கப் பேதி மாத்திரையாகவும் விற்றது. புற்றுநோய் அச்சத்தால் 1990-களின் இறுதியில் அமெரிக்கா கடைகளிலிருந்து அகற்றியது. 1871-இல் அதை முதன்முதலில் தயாரித்தபோது அடோல்ஃப் ஃபான் பேயருக்கு இந்த மூன்று வேலைகளும் தெரிந்திருக்க வழியில்லை. நின்ஹைட்ரின் கதையும் இப்படித்தான். 1910-இல் ரூஹ்மன் கண்டுபிடித்தார். வியர்வையின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து தாளில் கைரேகையை ஊதாவாகக் காட்டும் என்று உலகம் உணர்ந்து பயன்படுத்தத் தொடங்கியது 1954-இல்.

நீதிமன்றம் இந்த ரோஸை எப்படிப் பார்க்கிறது? 1970-களின் நடுவில் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே, இத்தகைய வழக்குகளில் நோட்டில் பினாப்தலீன் தடவுவது நல்லது, வாய்ச்சாட்சியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. அதற்காக ரோஸ் வந்துவிட்டால் தண்டனை என்று ஆகிவிடாது. விரல் அந்த நோட்டைத் தொட்டது என்றுதான் வேதியியல் சொல்லும். ஏன் தொட்டது என்று சொல்லாது. பணத்தைக் கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. புகார்தாரர் இறந்துவிட்டாலோ பிறழ்சாட்சி ஆனாலோ சூழ்நிலைச் சாட்சியங்களைக் கொண்டும் அதை நிரூபிக்கலாம் என்றும் சொன்னது. இது சரியான கோடு என்பதே என் கருத்து. தெரிந்ததை மட்டும் சொல்லி அதற்குமேல் வாய் திறக்காத சாட்சியைத்தான் நம்பலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் அதே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும். ஏற்பாடு செய்துகொள்ள மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டுவரை அவகாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் தேவைப்படுவார்கள்! எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் தம்பி தங்கைகளே, தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள். நேர்காணலுக்குப் போகுமுன் டைட்ரேஷனை ஒருமுறை செய்து பாருங்கள். பிளாங்க் ஓட்ட மட்டும் மறக்காதீர்கள்.